கார் ஃபில்டரை பைக்கில் மாட்டலாமா? ஆயில் பிரஷர் குறையுமா?

மார்ச் 9, மாலை. தேவகோட்டையிலிருந்து வந்த கேள்வி

"அண்ணே, வண்டி ஜப்பான் இரட்டை சிலிண்டர், 300 சிசி. ஒரிஜினல் ஆயில் ஃபில்டர் காரைக்குடியில் இல்லை. மதுரைக்குப் போய்த்தான் வாங்கணும், இல்லை வரவழைத்துப் பத்து நாள் காத்திருக்கணும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பேர்ஸ் கடையில் ஹோண்டா கார் ஃபில்டர் ஒன்றைக் காட்டினார்கள். அளவு ஏறக்குறைய அதேதான், மரையும் ஏறுகிறது. விலை பாதிகூட இல்லை. மாட்டலாமா? கார் ஃபில்டர் போட்டால் பைக்குக்கு ஆயில் பிரஷர் பத்தாது என்று மெக்கானிக் சொல்கிறார்."

மார்ச் 9, இரவு

மாட்டு தம்பி. என்னிடமும் அதே மாதிரி வண்டிதான் இருக்கிறது. மூன்று கார் ஃபில்டர் போட்டு முடித்து இப்போது நாலாவது மாட்டியிருக்கிறேன், 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் விளக்கு ஒருநாள்கூட எரிந்ததில்லை. ஃபில்டருக்கு அது காரில் இருக்கிறதா பைக்கில் இருக்கிறதா என்று தெரியாது. டப்பாவில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள்.

மார்ச் 9, இன்னும் இரவு

படுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து எழுதுகிறேன். "மரை ஏறுகிறது" என்ற வார்த்தை உறுத்துகிறது. எப்படி ஏறுகிறது?

ஹோண்டா, கவாசாகி, யமஹா பைக்குகளின் டப்பா ஃபில்டர்களில் (டப்பா மாதிரி முழுசாகத் திருகி மாட்டுவது) பெரும்பாலானவை 20 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி. ஹோண்டா கார் ஃபில்டரும் அதேதான். அதனால்தான் கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் பக்கத்துத் தட்டிலேயே முக்கால் அங்குல ஃபில்டர் இருக்கும். அங்குலத்துக்கு 16 மரை, டொயோட்டா கார்களில் நிறையப் பார்க்கலாம். முக்கால் அங்குலம் என்றால் 19.05 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் எந்தக் கொம்பனுக்கும் வித்தியாசம் தெரியாது.

20 மி.மீ. ஸ்டட்டில் (ஃபில்டரைத் திருக என்ஜினில் நீட்டி நிற்கிற மரைத் தண்டு) முக்கால் அங்குல ஃபில்டரைத் திருகினால் ஒரு சுற்றிலேயே இறுகும். "புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் ஸ்டட்டின் மரை போச்சு. இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். முக்கால் அங்குல ஸ்டட்டில் 20 மி.மீ. ஃபில்டர் அருமையாக ஏறும், வாயில் உள்ள ரப்பர் வளையம் உட்கார்ந்ததும் இறுகின மாதிரியும் இருக்கும். ஆனால் மரை நுனியில் மட்டும்தான் தொற்றிக்கொண்டு நிற்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோ, ஐந்து கிலோ போகும். அப்போது டப்பா கழன்றால் மொத்த ஆயிலும் சில நொடிகளில் ரோட்டில். எங்கே விழும் என்று யோசி, பின்சக்கரத்துக்கு முன்னால்.

ஆகவே ஒரு விரலால் திருகிப் பார். ரப்பர் தொடும்வரை விரலாலேயே வழுக்கிக்கொண்டு போகணும், ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று ஆடக் கூடாது. ரப்பர் வளையத்தின் விட்டத்தையும் பழைய ஃபில்டரோடு வாய்க்கு வாய் வைத்துப் பார்த்துக்கொள்.

மார்ச் 10, காலை

இரண்டு பேர் "புல்லட்டுக்கு எந்தக் கார் ஃபில்டர் சரிவரும்" என்று கேட்டிருக்கிறார்கள். புல்லட் 350-இல் டப்பா ஃபில்டரே கிடையாது ஐயா. மூடியைக் கழற்றினால் உள்ளே காகித ஃபில்டர் இருக்கும், அவ்வளவுதான். ஸ்ப்ளெண்டரில் அதுவும் இல்லை. ஒரு கம்பி வலை, சுழற்சியில் அழுக்கை ஓரம் தள்ளும் ஒரு கிண்ணம். நாட்டில் பாதிப் பேர் ஆயில் ஃபில்டர் என்றால் என்னவென்றே தெரியாமல் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 10, மதியம்

மெக்கானிக் சொன்ன "பிரஷர் பத்தாது" கதைக்கு வருகிறேன்.

ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆயில் என்று தள்ளும், அதுதான் அதன் வேலை. தள்ளின ஆயில் போகிற வழி எவ்வளவு குறுகலோ, ஆயில் எவ்வளவு கெட்டியோ, அந்த அளவுக்குப் பிரஷர் ஏறும்.

எங்கள் அப்பத்தா தேன்குழல் பிழியும்போது நான்தான் கட்டையை அழுத்துவேன். முள்ளு முறுக்கு அச்சு போட்டால் கை சும்மா இறங்கும். தேன்குழல் அச்சு போட்டால் தோள் வலிக்கும். மாவு ஒன்று, கை ஒன்று, அச்சில் உள்ள ஓட்டைதான் வேறு. மாவு கெட்டியாக இருந்தால் இன்னும் வலிக்கும். இளக்கமாக இருந்தால் வழவழவென்று இறங்கும், ஆனால் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்துவிடும். குளிர்ந்த ஆயில் கெட்டி மாவு. சூடான ஆயில் இளகின மாவு. கிராங்குக்கும் (என்ஜினின் சுழல் தண்டு) அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி அச்சு ஓட்டை. பேரிங் தேய்ந்தால் ஓட்டை பெரிதாகும், பிரஷர் இறங்கும்.

இதில் ஃபில்டர் எங்கே வருகிறது? அது சல்லடை. மாவைச் சலித்துக் கொடுக்கிற வேலை. புதுச் சல்லடை கொஞ்சம்தான் மறிக்கும். அதனால் பைக் ஃபில்டரை எடுத்துவிட்டு நல்ல கார் ஃபில்டர் போடுவதால் மட்டும் பிரஷர் விழுந்துவிடாது.

அப்புறம், ஃபில்டருக்குள் ஒரு வால்வு இருக்கிறது. பிரஷர் அதிகமானால் அது திறந்து அதிகப்படி ஆயிலை வெளியே விட்டுப் பிரஷரைக் கட்டுப்படுத்தும்.

மார்ச் 10, மாலை

தவறு. கடைசிப் பத்தியில் நான் எழுதினது தப்பு. கொத்தமங்கலத்திலிருந்து ஒருவர் தலையில் குட்டியிருக்கிறார், சரியான குட்டு.

வால்வு இரண்டு. ஒன்று என்ஜினுக்குள், பம்ப் பக்கம் இருப்பது. மொத்தப் பிரஷர் ஓர் அளவைத் தாண்டினால் மிச்ச ஆயிலை அடித்தட்டுக்கே திருப்பி விடும். பிரஷரைக் கட்டுப்படுத்துவது அதுதான், அதற்கும் ஃபில்டருக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று பெரும்பாலான டப்பா ஃபில்டர்களுக்கு உள்ளே இருப்பது, பைபாஸ் வால்வு. ஃபில்டர் காகிதத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பிரஷர், அந்தப் பக்கம் ஒரு பிரஷர். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அளவுக்கு மேல் போனால் அது திறக்கும். அந்த அளவு ஃபில்டருக்கு ஃபில்டர் மாறும், பொதுவாக 8-இலிருந்து 20 பிஎஸ்ஐக்குள், அதாவது ஏறக்குறைய அரை கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள் இருக்கும். திறந்தால் ஆயில் சலிக்கப்படாமலே நேராக பேரிங்குக்குப் போகும். அழுக்கு ஆயில் வந்தாலும் பரவாயில்லை, ஆயிலே வராமல் போகக் கூடாது என்ற கணக்கு.

தேன்குழல் கட்டையில் அச்சு அடைத்துக்கொண்டால் மாவு மேல்பக்கமாகப் பிதுங்கி வரும் இல்லையா, அதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். அது முதல் வால்வுக்குத்தான் பொருந்தும். உவமையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. சில என்ஜின்களில் பைபாஸ் வால்வு என்ஜின் பக்கமே இருக்கும். அவற்றுக்கான ஃபில்டரில் வால்வே வைத்திருக்க மாட்டார்கள். அந்த ஃபில்டரை, வால்வை ஃபில்டரிலிருந்து எதிர்பார்க்கிற என்ஜினில் மாட்டினால் ஓடும். அடைக்கிற நாள்வரை நன்றாகவே ஓடும். மரை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மாட்டினால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நேற்று "டப்பாவில் என்ன அச்சடித்திருக்கிறதோ" என்று பேசினேனே, அந்த வரியைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

மார்ச் 12

இன்று காலை குன்றக்குடிக்குக் கிளம்பினேன். ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் பிரஷருக்கான சிவப்பு விளக்கு அணையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினேன், ஐந்தாவதில் அணைந்தது. இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வழக்கமாக ஒரு நொடி, அதிகம் போனால் ஒன்றரை. வண்டி நாலு நாள் நின்றிருந்தது. இப்போது மாட்டியிருப்பது நாலாவது கார் ஃபில்டர். போன மாதம் வேறு கடையில் வாங்கினது, பெயர் தெரியாத கம்பெனி.

மார்ச் 13

விளக்கைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும்தான். அதை எரியவைக்கிற ஆயில் பிரஷர் ஸ்விட்ச் மிகக் குறைந்த பிரஷரில்தான் வேலை செய்யும். அரை கிலோவுக்கும் கீழே விழுந்தால்தான் விளக்கு எரியும். ஓடுகிற வேகத்தில் மூன்று கிலோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கிலோ இருந்தாலும் விளக்கு சமர்த்தாக அணைந்தே இருக்கும். விளக்கு எரியவில்லை என்பது நல்ல செய்தியே இல்லை, எரிந்தால்தான் செய்தி. எரிந்தால் என்ஜினை நிறுத்து, வீடு ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும் தள்ளிக்கொண்டே போ.

மார்ச் 14, இரவு

அந்த ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பார்த்தேன். திண்ணையில் சாக்கு விரித்து, ஹாக்சா பிளேடு போட்டு. அறுக்கும்போது இரும்புத்தூள் உள்ளே விழும், ஆகவே உள்ளே மின்னுவதெல்லாம் என்ஜின் தேய்ந்தது என்று பயந்துவிடாதீர்கள். நான் ஐந்து நிமிடம் பயந்தேன். சாக்கைத் தாண்டி இரண்டு சொட்டு ஆத்தங்குடித் தரைக்குப் போய்விட்டது. எண்ணெய் பட்டால்தானே அந்தக் கல் பளபளக்கும் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை, துணியைத் தூக்கி எறிந்தார்.

வாய்ப்பக்கத் தகட்டைப் பிரித்ததும், சுற்றியுள்ள சின்ன ஓட்டைகளை உள்ளிருந்து மூடுகிற மாதிரி ஒரு ரப்பர் தட்டு இருக்கும். என்ஜின் நின்றதும் டப்பாவில் உள்ள ஆயில் வழிந்து திரும்பிப் போகாமல் பிடித்து வைப்பது அதுதான். எங்கள் வண்டியில் ஃபில்டர் படுத்த வாக்கில் இருப்பதால் அது இல்லாமல் முடியாது. வாய் மேலே பார்த்து நிமிர்ந்து நிற்கிற ஃபில்டர் என்றால் அவ்வளவு கவலையில்லை. நான் அறுத்ததில் அந்த ரப்பர் பழைய செருப்பு மாதிரி விறைத்துக் கிடந்தது. ஓரத்தை விரலால் தூக்கினேன், தூக்கின இடத்திலேயே நின்றது, திரும்பிப் படியவில்லை. ஒரு மாதத்தில் இந்தக் கதி.

ஒப்பிட்டுப் பார்க்க, முந்தைய கார் ஃபில்டர் ஒன்று குப்பையில் கிடந்தது, அதையும் அறுத்தேன். அதன் ரப்பர் இழுத்து விட்டால் சட்டென்று படிகிறது. ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடினது அது. பழைய ஒரிஜினல் பைக் ஃபில்டர் ஒன்றும் அப்படியே.

ஆக, கார், பைக் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், விஷயம் ஒரு ரப்பர் தட்டில் இருந்திருக்கிறது. நாலு நாள் நின்ற வண்டியில் டப்பா காலியாகியிருக்கிறது. பம்ப் முதலில் அதை நிரப்பிவிட்டுத்தான் பேரிங்குக்கு ஆயிலை அனுப்பியது. அந்த நாலு நொடியும் கிராங்க் பழைய ஈரத்தில் சுற்றியிருக்கிறது.

மார்ச் 16

ஒரே ஒரு வரி: கார் கடைக்குப் போனவன் கார் ஆயிலையும் சேர்த்து வாங்கிவிடாதே. பைக்கில் கிளட்சும் கியரும் அதே ஆயிலில்தான் குளிக்கின்றன. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஏற்றது என்கிற ஜப்பான் தரக்குறி) என்று இருக்கணும். எரிபொருள் மிச்சம் பண்ண வழுக்கல் மருந்து சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். நண்பன் ஒருவன் திருமயம் தாண்டி ஒரு லாரியை முந்தப் போனான். என்ஜின் கத்தியது, வண்டி போகவில்லை. லாரிக்காரர் பாவம் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

மார்ச் 17, ஞாயிறு

மூன்று நாளாகக் கை அரித்தது. பிரஷர் கேஜ் ஒன்று மாட்டிவிட்டேன்.

ஆயில் ஸ்விட்சைக் கழற்றினால் அந்த ஓட்டையின் மரை எட்டில் ஒரு பங்கு அங்குல பைப் மரை, ஜப்பான் வண்டிகளில் வழக்கமாக வருவது. கடையில் அதே அளவு என்று கொடுத்த பித்தளை நிப்பிள் அமெரிக்க மரை. அது அங்குலத்துக்கு 27, நம்முடையது 28. இரண்டு சுற்று இனிமையாக ஏறி மூன்றாவதில் முரண்டு பிடித்தது. நல்லவேளை, அங்கேயே நிறுத்தினேன். லேத் பட்டறையில் புதிதாக ஒன்று கடைந்து வாங்கினேன். மரையில் டேப் அதிகம் சுற்றாதீர்கள், பிசிறு ஒன்று உள்ளே போய் ஆயில் வழியில் சிக்கினால் இத்தனை ஆராய்ச்சியும் சொந்தச் செலவில் சூனியம்.

கேஜ் பத்து கிலோ வரை காட்டும். டேங்க் மேல் துணி போட்டு வைத்துக் கட்டினேன். பக்கத்து வீட்டு ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு ரத்தக்கொதிப்பா?" என்றார்.

அளந்தது: காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஐட்லிங்கில் (முறுக்காமல் சும்மா ஓடவிட்டால்) நாலரை கிலோ. திருப்பத்தூர் சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டி, வெயிலில் சூடேற்றி வந்து நிறுத்தினால் ஐட்லிங்கில் ஒரு கிலோ. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் மூன்றரை. 6,000-இல் நாலுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் முள் நகரவில்லை. அங்கே என்ஜின் வால்வு திறந்து மிச்சத்தைத் திருப்பி விடுகிறது.

இது ஒரிஜினல் பைக் ஃபில்டரோடு. மதுரையிலிருந்து தம்பி வாங்கி வந்தது.

பிறகு நல்ல கம்பெனி கார் ஃபில்டர் புதுசு ஒன்றை மாட்டி, அதே சாலை, அதே வெயில். எல்லாம் அதே எண்கள். முள்ளின் தடிமன் அளவுக்குக்கூட வித்தியாசம் இல்லை.

ஆகவே தேவகோட்டைத் தம்பியின் மெக்கானிக் சொன்னது தப்பு. கேஜ் சாட்சி. கேஸ் முடிந்தது.

மார்ச் 18

கேஸ் முடியவில்லை. கொத்தமங்கலத்துக்காரர் மறுபடியும். "கேஜை எங்கே மாட்டினீர்கள்? ஃபில்டருக்கு முன்னாலா பின்னாலா? இரண்டு புது ஃபில்டரை ஒப்பிட்டீர்கள், பழசு என்ன காட்டும்?"

பின்னால்தான். ஸ்விட்ச் இருக்கிற இடம் ஃபில்டரைத் தாண்டி, பேரிங்குக்குப் போகிற முதன்மை வழியில்.

மார்ச் 20

குப்பையிலிருந்து எடுத்ததை அறுத்துவிட்டேன், ஆகவே லேத் பட்டறைப் பையன் தன் வண்டியில் 9,000 கிலோமீட்டர் ஓட்டின ஃபில்டர் ஒன்றைக் கொடுத்தான். கறுப்பு மை மாதிரி ஆயில் வடிந்தது. மாட்டினேன்.

சூட்டில் ஐட்லிங்: ஒரு கிலோ. 4,000 சுற்று: மூன்றரை. அதேதான். எவ்வளவு அடைத்த ஃபில்டரும் சூட்டில் அப்படியே நடிக்கிறது.

மறுநாள் காலைக் குளிரில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. குளிர் என்ன குளிர், பங்குனி காலை 26 டிகிரி. 3,000 சுற்றில் புது ஃபில்டரைவிட அரை கிலோபோலக் குறைவு. அந்த நேரத்தில் பைபாஸ் வால்வு திறந்துகொண்டு ஆயில் சலிக்காமல் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இப்போதுதான் எனக்கு உறைத்தது. பைபாஸ் வேலை செய்கிற வரைக்கும், ஃபில்டர் முழுக்க அடைத்துப்போனாலும் கேஜில் பெரிதாக எதுவும் தெரியாது. உள்ளே காகிதமே கிழிந்துபோயிருந்தால் பிரஷர் இன்னும் அருமையாக இருக்கும், மறிக்க ஆளில்லையே. நான் முதல்நாள் 14,000 கிலோமீட்டர், விளக்கு எரியவில்லை என்று மார்தட்டினேனே, அது ஃபில்டர் நல்லது என்பதற்குச் சாட்சியே இல்லை. பம்ப் நல்லது, பேரிங் நல்லது, ஆயில் பரவாயில்லை என்பதற்குத்தான் சாட்சி. ஃபில்டரைப் பற்றி பிரஷர் கேஜிடம் கேட்டது, சல்லடையில் ஓட்டை இருக்கிறதா என்று பிழிகிற கையிடம் கேட்ட மாதிரி. (உவமையை நிறுத்துவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்கவும்.)

ஃபில்டர் நல்லதா என்று பார்க்க வழி அறுத்துப் பார்ப்பதுதான். காகித மடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, பசை விட்டிருக்கிறதா, ரப்பர் படிகிறதா.

மார்ச் 21

கேஜ் கையில் இருக்கும்போதே ஆயிலையும் மாற்றிப் பார்த்தேன். புது 10டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிற எண்) போட்டபோது சூட்டில் ஐட்லிங் ஒரு கிலோ என்றேன். இதற்கு முன் ஊற்றியிருந்த அதே ரக ஆயில் ஐயாயிரம் ஓடி முடிந்தபோது என்ன காட்டியிருக்கும் என்று தெரியாது, கேஜ் அப்போது இல்லை. அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினபோது ஒன்றே கால் வரை ஏறியது. ஃபில்டர் மூன்றை மாற்றியும் அசையாத முள், ஆயில் மாற்றினதும் அசைந்தது.

உடனே ஒருவர், "அப்போ 20டபிள்யூ-50 தான் நல்லது" என்கிறார். இல்லை. காலையில் அதே ஆயிலில் ஐட்லிங்கே ஐந்தரைக்குப் போனது. கெட்டி ஆயில் பிரஷரை ஏற்றிக் காட்டும், ஆனால் பேரிங் வழியாகப் போகிற ஆயில் குறையும். மிச்சத்தை வால்வு அடித்தட்டுக்கே திருப்பிவிடும். பேரிங்குக்கு வேண்டியது அதன் வழியாகத் தொடர்ந்து போகிற ஆயில், கேஜில் பெரிய எண் இல்லை. கம்பெனி புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். நானும் திரும்ப 10டபிள்யூ-40 ஊற்றிவிட்டேன். மூன்று ஆயில் மாற்றம் இரண்டு வாரத்தில், வீட்டில் இன்னும் தெரியாது.

மார்ச் 22

தேவகோட்டைத் தம்பி திரும்பி வந்திருக்கிறார், நல்ல செய்தியோடு இல்லை. என் முதல் பதிலைப் படித்துவிட்டு அன்றைக்கே மாட்டிவிட்டாராம், அதற்குப் பிறகு எழுதினது எதையும் படிக்கவில்லை. நேற்று கானாடுகாத்தான் போகும் வழியில் வலது பூட்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தால் ஆயில். பின் டயர் ஓரத்திலும் பட்டிருக்கிறது. விழவில்லை, அது போதும்.

காரணம் கார் ஃபில்டர் இல்லை. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் என்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன் மேல் புது ஃபில்டர், அதன் புது ரப்பர். இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று. முதல் சில நாள் நிற்கும், சூடேறினதும் பிதுங்கும்.

இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. கழற்றின ஃபில்டரைத் திருப்பி, ரப்பர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்கிப் போடணும். என்ஜின் முகத்தைத் துணியால் துடைக்கணும். புது ரப்பரில் விரலால் ஆயில் தடவணும். ரப்பர் தொட்டதும் கையால் முக்கால் சுற்று, அவ்வளவுதான். டார்க் ரெஞ்ச் இருந்தால் கவாசாகி, யமஹாக்காரர்கள் சொல்வது 17 நியூட்டன் மீட்டர் பக்கம். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்ற ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்ப வேண்டிவரும். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் விட்டு, கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்.

மார்ச் 22, இரவு

தேவகோட்டைத் தம்பியின் ரப்பர் கதையைப் படித்ததும் சித்தப்பாவின் பழைய இரும்பு என்ஜின் புல்லட் நினைவுக்கு வந்தது. அதில் ஆயில் வடிகட்டி ஒரு துணி உருளை. மாற்றும்போது அந்த அறை காலியாகிவிடும். ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் மூடணும். சித்தப்பா ஒருமுறை நிரப்பாமல் மூடி, கூடவே மூடியின் காகித கேஸ்கெட்டை எப்படியோ ஓட்டையை மறைத்த மாதிரி வைத்துவிட்டார். பிள்ளையார்பட்டி போய்ச் சேர்வதற்குள் கீழே டக்டக்கென்று ஆரம்பித்துவிட்டது. கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு, வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்கு கார் ஃபில்டரும் காரணமில்லை, பைக் ஃபில்டரும் காரணமில்லை. அந்த வண்டியில் பிரஷர் விளக்கும் கிடையாது, இருந்த ஒரே கருவி சித்தப்பாவின் காது.

மார்ச் 24

புதுவயலிலிருந்து ஒரு கேள்வி: "செம்மண் புழுதியில் ஓட்டுகிறோம், ஆயில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்குமா?" புழுதி உள்ளே வருவது பெரும்பாலும் ஏர் ஃபில்டர் வழியாக. கண்மாய்க் கரையில் ஒரு வாரம் ஓட்டினால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அதிரசம் மாதிரி நிறம் வந்திருக்கும். அங்கே கவனம் இருந்தால் ஆயில் ஃபில்டருக்குப் பாதி வேலை மிச்சம். மீதிப் பாதி கிளட்ச் தூளும் கியர் துகளும். கார் ஃபில்டர் பார்க்காத அழுக்கு அது, காரில் கியருக்கு வேறு ஆயில். ஆகவே கார் ஃபில்டர் போடுகிறவர்கள் கார் கணக்கில் பத்தாயிரம் ஓட்டிவிடாதீர்கள். பைக் புத்தகத்தில் உள்ள கணக்குதான்.

ஏப்ரல் 2

யாரோ கேட்டார்கள், கடைசியில் நான் எதை மாட்டியிருக்கிறேன் என்று. ஒரிஜினல். போன வாரம் மதுரை போனபோது மூன்று வாங்கி வந்துவிட்டேன், ஒன்றரை வருடத்துக்கு ஆகும். நல்ல கம்பெனி கார் ஃபில்டர் கெடுதல் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் கடையில் டப்பாவைத் திறந்து ரப்பரைத் தூக்கிப் பார்க்க விடமாட்டார்கள், உள்ளே பைபாஸ் எத்தனையில் திறக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியாது. மூன்று முறை எனக்கு வாய்த்தது, நாலாவது முறை வாய்க்கவில்லை.

மிச்சமிருந்த ஒரு கார் ஃபில்டரை அண்ணனிடம் கொடுத்தேன், அவரிடம் ஹோண்டா சிட்டி இருக்கிறது. "பைக்கில் போட்ட ஃபில்டரா? காருக்குப் பிரஷர் பத்துமா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

கேஜும் நிப்பிளும் சும்மா இருக்கின்றன. தேவகோட்டைத் தம்பி வந்து எடுத்துக்கொள்ளலாம், துணி மட்டும் திரும்ப வேண்டும், அம்மாவுடையது.